ஸ்பீடோமீட்டர் மாற்றித் தருகிறேன் என்று 4,750 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: பாண்டி, கடலூர் பைக்காரர்கள் கவனத்துக்கு

பைக்கில் கம்பெனி மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்டலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம்தான் அந்தக் கடையில் கடைசியாகப் பேசிவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. பாண்டியில் டூவீலருக்கு மீட்டர், ஹார்ன், லைட் எல்லாம் விற்று, அங்கேயே மாட்டியும் கொடுக்கிற கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. போனது 4,750 ரூபாய். கூடவே என் ஒரிஜினல் மீட்டரும் போச்சு.

எனக்குக் கடலூர். வேலை பாண்டியில். தினமும் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று அதே ரோடுதான். கொஞ்ச நாளாகவே மீட்டர் முள் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. 40-க்கும் 60-க்கும் நடுவில் ஆடும். வேலை முடிந்து வரும் வழியில் இந்தக் கடையில் காட்டினேன்.

கடைக்காரர் கண்ணாடி போட்ட பெரியவர். "தம்பிக்குக் கடலூர்ல எந்த ஏரியா?" என்றார். சொன்னேன். "அட, என் மாமியார் வீடு மஞ்சக்குப்பம்தான், நம்ம ஊரு பையன்" என்று உட்கார வைத்து டீ சொன்னார். அப்புறம் மஞ்சள் துணியால் ஒரு மீட்டரைத் துடைத்து மேசைமேல் வைத்தார். மேசையிலேயே ஒரு பலகை. அதில் சின்ன மோட்டார், மோட்டாரில் ஒரு சக்கரம், சக்கரத்தில் காந்தம். பக்கத்தில் அவருடைய போன். சுவிட்சைப் போட்டதும் சக்கரம் சுற்றியது, மீட்டரில் 60 வந்தது, போன் திரையிலும் 60 வந்தது. "பாருங்க தம்பி, ஜி.பி.எஸ்ஸும் 60, மீட்டரும் 60. கம்பெனிக்காரன் மீட்டர் எல்லாம் கூட்டித்தான் காட்டும். இது உள்ளது உள்ளபடி காட்டும்" என்றார்.

மேசைமேல் அசையாமல் கிடக்கிற போனுக்கு ஜி.பி.எஸ்ஸில் எப்படி ஐயா 60 வரும்? ஜி.பி.எஸ் பார்ப்பது போன் நகரும் வேகத்தை. பக்கத்தில் எந்தச் சக்கரம் சுற்றினாலும் அதற்குப் பூஜ்யம்தான். அந்தத் திரையில் ஓடியது வெறும் படம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காகவே அந்தப் பலகையைச் செய்து வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, ஆட்கள் மாட்டுவதே அதில்தான். கம்பெனி மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது நிஜம். வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். ஐ.நா.வின் வாகன விதி எண் 39 என்று ஒன்று இருக்கிறது. பல நாடுகளில் அதுதான் அளவுகோல். மீட்டர் காட்டுவது உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது அந்த விதி. வண்டி மாடலுக்கு ஒப்புதல் கொடுக்கும் சோதனையில், கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும்தான் எல்லை. நிஜமாக 60-ல் போனால் மீட்டர் 60 முதல் 70 வரை காட்டலாம், 59 காட்டக் கூடாது. டயர் தேயும், காற்று குறையும், வேறு கம்பெனி டயர் மாட்டுவார்கள். எது நடந்தாலும் ஓட்டுகிறவன் தெரியாமல் வேகமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. அதைக் குறை என்று சொல்லி, குறைத்துக் காட்டுகிற மீட்டரை என் தலையில் கட்டிவிட்டார்.

விலை 5,000 சொன்னார், "நம்ம ஊரு" என்று 250 குறைத்தார். 4,750 ரூபாயை அங்கேயே கொடுத்தேன். பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. பையன் வந்து பழைய மீட்டரைக் கழற்றி, வயரை வெட்டி, டேப் சுற்றி, முன் சக்கரத்தில் காந்தம் ஒட்டி, ஃபோர்க்கில் சென்சாரைக் கட்டி அனுப்பினான். பழைய மீட்டரைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுலதான் இந்த ரேட்டு" என்றார்கள்.

அதற்கப்புறம் மைலேஜ் விழுந்தது. 55 கொடுத்த வண்டி 43 என்று காட்டியது. கடைக்குப் போன் போட்டால் "அது இன்ஜின் வேலை தம்பி, மெக்கானிக்கைப் பாருங்க" என்றார்கள். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். இன்ஜினில் ஒன்றுமில்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மீட்டர் 40 காட்டுது, ஆனா வண்டி அதைவிட வேகமால்ல போகுது" என்றார்.

பிறகு அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. என்னை வண்டியில் உட்கார வைத்து, சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றும்வரை தள்ளினார். டயர் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. டேப்பில் அளந்தால் 186 சென்டிமீட்டர். அப்புறம் மீட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தார். செட்டிங் வந்தது. 1466 என்று மின்னியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று மீட்டர் எடுத்துக்கொள்கிற மில்லிமீட்டர் கணக்கு அது. அதாவது இந்த மீட்டர் என் 17 அங்குலச் சக்கரத்தை 12 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 39 சென்டிமீட்டரை முழுங்கிவிடுகிறது. வேகம் மட்டுமல்ல, ஓடிய தூரமும் குறைகிறது, அதனால்தான் மைலேஜும் குறைந்த மாதிரி தெரிந்தது. 1860 என்று மாற்றி வைத்தார். சாவியை அணைத்துப் போட்டதும் மறுபடி 1466. எத்தனை தடவை மாற்றினாலும் நிற்கவில்லை.

நண்பனைப் பின்னால் உட்கார வைத்து ஹைவேயில் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்களை வைத்தும் பார்த்தோம். 50-ல் போனால் கல்லுக்குக் கல் 72 செகண்ட் ஆக வேண்டும். மீட்டர் 50-ல் நிற்க, கல் 57 செகண்டில் வந்தது. 3600-ஐ 57-ஆல் வகுத்தால் 63. அவன் போனில் ஜி.பி.எஸ்ஸும் அதே 63. என் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் 40-க்குள்தான் போகிறேன் என்று நம்பிப் போயிருக்கிறேன். உண்மையில் அது 50. இந்தப் பயத்துக்கு எந்தக் கடைக்காரன் பதில் சொல்லுவான்?

இன்னொன்றும் மெக்கானிக் சொன்னார். முள் நடுங்கினால் பெரும்பாலும் மீட்டர் கேபிள் காய்ந்தோ மடங்கியோ இருக்கும், இல்லையென்றால் சக்கரத்தில் அந்தக் கேபிளைச் சுற்றவைக்கிற சின்னப் பல்சக்கரம் (பினியன்) தேய்ந்திருக்கும். கேபிள் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். அதைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் 4,750 ரூபாயை வாங்கிவிட்டார்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். முதல் நாள் "ஓனர் காரைக்கால் போயிருக்கார்". அடுத்த முறை "செட் பண்ற பையன் லீவு". வாட்ஸப்பில் வீடியோ எடுத்து அனுப்பினேன், பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேற்று பெரியவரே இருந்தார். தம்பி எல்லாம் போய் "சார்" ஆகிவிட்டது. "கேரண்டி மீட்டர்ல லைட் எரியறதுக்குத்தான் சார், ரீடிங்குக்குக் கேரண்டி கிடையாது" என்கிறார். வேகம் காட்டத்தானே மீட்டர் வாங்குவது! சரி, பணம் வேண்டாம், என் பழைய மீட்டரையாவது கொடுங்கள், மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு." 38 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பதிவாகியிருந்த மீட்டர். இனி வண்டியை விற்கப் போனால் கிலோமீட்டரைக் குறைத்து ஏமாற்றுகிறவன் என்று என்னைத்தான் சந்தேகப்படுவார்கள். குரலை உயர்த்தியதும் "கஸ்டமர் நிக்கிறாங்க, ஓரமா போங்க சார்" என்றார். அந்த நேரத்திலும் மேசைமேல் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. வேறொரு பையன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை பாண்டியில் இருந்தாலும் நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிகம் என்கிறது. 4,750 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அலையத்தான் போகிறேன்.

மீட்டரைச் சோதிக்கும் வழிகளை விரிவாக எழுத நினைத்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்துக்கு இது மட்டும். ஜி.பி.எஸ்ஸை நம்பலாம், ஆனால் திறந்த வானத்தின் கீழே, நேரான ரோட்டில், ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் போன பிறகுதான். வேகம் ஏறி இறங்கும்போது அது பின்தங்கும், பாலத்துக்கு அடியில் உளறும். எண்ணைப் பின்னால் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம். கல்லை வைத்துப் பார்த்தால் ஒரு கல்லோடு நிறுத்தாமல் நாலைந்து கிலோமீட்டர் பாருங்கள், கல் எல்லாம் அளந்து நட்டது போல இருக்காது. ஜி.பி.எஸ்ஸைவிட மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டினால் பதறாதீர்கள், குறைத்துக் காட்டினால் உடனே பாருங்கள். புது மீட்டர் மாட்டினால் காசு கொடுக்கும் முன் செட்டிங்கில் உங்கள் டயர் அளவு இருக்கிறதா, சாவி அணைத்துப் போட்ட பிறகும் இருக்கிறதா பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள். வயரை வெட்ட விடாதீர்கள். கழற்றிய மீட்டரைக் கையில் வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.