365 நானோமீட்டர் டார்ச்: என் வகுப்புக்குப் பயன்பட்ட விதம்

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் மிக நுண்ணிய கார்பன் துகள்களான கார்பன் புள்ளிகளைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டத்தான் இந்தப் புற ஊதா டார்ச்சை வாங்கினேன். கடையில் முதலில் 395 நானோமீட்டர் அலைநீள டார்ச்சைக் கொடுத்துவிட்டார்கள். அதன் ஊதா வெளிச்சத்திலேயே புள்ளிகளின் நீலம் அமுங்கிப்போகிறது. மாற்றி வாங்கிய 365-இன் முகப்பில் கண்ணுக்குத் தெரியும் ஊதாவைத் தடுக்கும் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

நாங்கள் பார்த்தவை, சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமினையும் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற இறுக மூடிய அழுத்தக் கலனில் 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்து எடுத்த, நைட்ரஜன் சேர்ந்த புள்ளிகள். 10 நானோமீட்டருக்கும் சிறியவை. பகலில் பார்த்தால் வெறும் இளம்பழுப்புத் தண்ணீர். ஜன்னலைச் சாத்தி டார்ச் அடித்ததும் பளீரென்று நீலம்! உசிலம்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "மிஸ், இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். நீலம் மங்கிக்கொண்டே போனது. தண்ணீரில் இரும்பைக் கண்டறியும் உணரிக்கு அடிப்படை இதுதான் என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

குறை என்றால், தொடர்ந்து எரித்தால் சூடாகிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் கூடவே தருவதில்லை. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியைத் தனியாக வாங்குங்கள், அது இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். 950 ரூபாய்க்கு எனக்கு முழு திருப்தி.