எந்தக் கிழமை வந்தீர்கள்?

இங்கிலாந்தில் உடம்புக்கு முடியவில்லை என்றால் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியும் கையுமாக உட்கார வேண்டும். குடும்ப மருத்துவரின் இணைப்பு எட்டுக்குத்தான் திறக்கும். சற்று நேரத்தில் அன்றைய இடங்கள் தீர்ந்துபோகும். நிபுணரிடம் அனுப்பிய நோயாளிகளில் நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அங்கே ஓர் இலக்கு உண்டு. 2016-க்குப் பிறகு அதை எட்டவே இல்லை. 2023-இல் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது.

இதையெல்லாம் ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். "இங்கே போன அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடலாம், மாப்பிள்ளை" என்றார் மாமா. உண்மைதான், பார்த்துவிடலாம். பார்த்த பிறகு என்ன நடக்கிறது என்பதை இந்த முறை அவரோடு அலைந்து தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கு வேலூர் வட்டாரத்தில் திமிரி பக்கம் ஊர். ஆற்காட்டில் மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். குடலிறக்கம் (ஹெர்னியா) வந்து வெகு நாளாகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இருமினாலே வலி என்றான பிறகுதான் அத்தை பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் வசவெல்லாம் அங்கே ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுக்கும் பெண் மேல்தான் விழும். அவர் பாவம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஊரையே சமாளிக்கிறார்.

வேலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மிஷன் மருத்துவமனைதான். அந்தச் சாலையில் விடுதிப் பலகைகள் வங்காளியில் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். "அங்கேயே போயிருக்கலாமே" என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். கூலிக்காரர் கணக்கு வேறு. கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏறுவார்கள். அத்தைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

காலை ஏழரைக்குச் சீட்டு கொடுக்கத் தொடங்குகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைச் செல்பேசியில் படம் பிடித்தால் டோக்கன் உடனே வந்துவிடுகிறது. அதற்கு உதவ ஓர் இளைஞரும் நிற்கிறார். மாமாவிடம் இருப்பது பொத்தான் போன். நானும் உடன் போகாதிருந்தால் நீள வரிசைதான். சீட்டு கிடைத்து, அறுவைசிகிச்சைப் பிரிவைக் கண்டுபிடித்து, பதினொரு மணிவாக்கில் மருத்துவர் முன் உட்கார்ந்துவிட்டோம். இளம் மருத்துவர். கை வைத்துப் பார்த்தார், இருமச் சொன்னார், "ஆபரேஷன் செய்ய வேண்டும், பெரியவரே" என்றார். மனத்துக்குள் இங்கிலாந்தோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் மகிழ்ந்துகூடப் போனேன்.

சிக்கல் அதற்குப் பிறகு. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிழமை புறநோயாளிகளைப் பார்க்கும் நாள். இன்னொரு கிழமை ஆபரேஷன் நாள். நீங்கள் முதலில் எந்தக் கிழமை போய் நின்றீர்களோ அந்த யூனிட்டின் நோயாளி ஆகிவிடுகிறீர்கள். மாமா போனது செவ்வாய்க்கிழமை. எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போனால், அங்கிருந்த வேறு மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு, "எந்தக் கிழமை வந்தீர்கள்?" என்று கேட்டார். செவ்வாய் என்றதும், "அப்படியானால் செவ்வாய் வாருங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. முதல் நாளே அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்தக் கிழமைக் கணக்கு எங்கும் எழுதியிருக்கவில்லை. மாமாவின் நோட்டில் மட்டும் இருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: வாசல் டீக்கடையிலேயே நாற்பது பக்க நோட்டு விற்கும். மருத்துவர் எழுதுவது அதில்தான். மாமாவின் நோட்டில் பள்ளிப் பிள்ளை பெயர் எழுதும் இடத்தில் அத்தை அவர் பெயரை எழுதிவைத்திருந்தார். உள்ளே ஈ.சி.ஜி. தாள் நீளவாக்கில் மடித்துக் குண்டூசியால் குத்தியிருந்தது. மடிப்பில் கோடுகள் அழிய ஆரம்பித்திருந்தன. ஒரு பக்கத்தில் மயக்க மருந்து மருத்துவரின் கையெழுத்து, அடுத்த பக்கத்தில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, அதன் கீழே வேறு மையில் ஒரு தேதி. அந்த நோட்டு தொலைந்தால் மாமாவுக்கு அங்கே வரலாறே கிடையாது.

மயக்க மருந்து மருத்துவர் தகுதி கொடுக்காமல் ஆபரேஷன் இல்லை. அது சரியான விதி. அவர் எக்கோ கேட்டார். எக்கோவுக்குத் தனித் தேதி. அது முடிந்து போனபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மக்கன் பேடா மணக்கும் ஊரில் இத்தனை வருடம் வேலை பார்த்த மனிதருக்குச் சர்க்கரை வராமல் இருந்தால்தான் அதிசயம். சர்க்கரை குறைவதற்குள் பழைய ரத்தப் பரிசோதனை செல்லாமல் போய்விடும். மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. எல்லா அறைகளையும் சேர்த்துப் பார்க்கும் கண்தான் இல்லை. இவ்வளவையும் முதல் செவ்வாய்க்கிழமையே ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அத்தைக்கு ஒவ்வொரு முறையும் நிலக்கடலைக் கொல்லையில் ஒரு நாள் கூலி போயிற்று. அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதமாட்டார்கள்.

இடையில் காப்பீட்டு அட்டை. அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைக்கும் வருகிறது, அதனால் கேட்கிறார்கள். 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கிய திட்டம் இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாமாவின் பெயர் பழைய கூட்டுக் குடும்ப அட்டையில் அண்ணன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கைரேகை. இந்த வேலை நான் பயந்ததைவிட வேகமாக முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய நல்லது இன்னும் உண்டு. மருந்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறை இன்னமும் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். மாமாவின் சர்க்கரை ஒருவழியாக இறங்கியதற்கு அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டதுதான் காரணம் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். மறுபக்கம், சக்கர நாற்காலி தள்ளுவதற்குக் கை நீட்டும் வழக்கமும் உயிரோடுதான் இருக்கிறது. என் சிறு வயதில் அஞ்சு ரூபாய், இப்போது நூறு.

ஆபரேஷன் தேதி கிடைத்து, வெறும் வயிற்றோடு வார்டில் படுத்திருந்த மாமாவைப் பிற்பகலில் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் விபத்து, அரங்கம் அவர்களுக்குப் போய்விட்டது. சென்னை–பெங்களூரு சாலை இந்தப் பக்கத்தின் நடுவே ஓடுகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, 108 வண்டியும் விரைந்து வருகிறது. உயிர் போகும் அவசரம் என்றால் நம் அரசு மருத்துவமனை காட்டும் வேகம் எனக்கு இங்கிலாந்தில் பழக்கமில்லாதது. ஆனால் அதே கத்தி பிடிக்கும் கைகள், அதே மயக்க மருந்து மருத்துவர். அவசரம் வந்தால் குடலிறக்கம் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பவர்களும் சுற்றுவட்டம் முழுதிலிருந்தும் வருகிறார்கள். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் ஆட்சியர் வந்தார், காவல் கண்காணிப்பாளர் வந்தார். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோதும் இந்த இரண்டு மாவட்டங்களும் அதில் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் வாணியம்பாடியிலிருந்து வந்தவர். பேருந்தில் வந்த களைப்பே ஒரு நோய் என்றார்.

என்னை உறுத்துவது வேறொன்று. இங்கிலாந்தில் எத்தனை பேர், எத்தனை வாரமாகக் காத்திருக்கிறார்கள் என்று மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அதை வைத்து நாடாளுமன்றத்தில் திட்டுகிறார்கள். மாமா காத்திருந்ததை யார் எண்ணினார்கள்? முதல் சீட்டு எழுதிய நாளும் ஆபரேஷன் நடந்த நாளும் கணினியில் இருக்கத்தான் செய்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மருத்துவமனை வாசலில் எழுதி வைக்கப் புதுக் கட்டடம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு போடுவதால் ஒவ்வொரு முறையும் அவர் புது நோயாளி. அன்று வந்தார், அன்றே பார்த்தோம் என்று கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. சுத்தமான வேலை, தையல் பிரித்தபோது மருத்துவரே தட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். மூட்டை தூக்கக் கூடாது என்றதற்கு மாமா சரி என்றார், அவர் எவ்வளவு கேட்பார் என்பது அத்தைக்குத் தெரியும்.

நான் கிளம்புவதற்கு முன்னால் மேலத்தெருக்காரர் ஒருவர் மூட்டுவலி என்று மாமாவைத் தேடி வந்தார். மாமா அவரை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்: "எலும்புப் பிரிவுக்கு எந்தக் கிழமை எந்த டாக்டர் என்று முதலில் கேட்டுக்கொள். முதல் நாள் யாரிடம் காட்டினாயோ அவரையே பிடித்துக்கொள். சர்க்கரையை இன்றைக்கே பார்த்துவிடு, பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஒரு மாதம் போய்விடும். நோட்டு டீக்கடையில் வாங்காதே, நம் ஊர்க் கடையில் மூன்று ரூபாய் குறைவு." வந்தவர் ஆள்காட்டி விரலால் உள்ளங்கையில் கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.