தாட் ஃபார் ஃபுட்: பாடகர் இடத்தில் யார் யாரோ பேசுகிறார்கள்

கிதாரை வாசித்துவிட்டு அதற்குப் பின்னால் நாலு கம்ப்யூட்டர் சத்தத்தைத் தூவி 'எக்ஸ்பரிமென்டல்' என்று பேர் போட்டுக்கொள்ளும் ஆல்பங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அந்த எலக்ட்ரானிக்ஸ் இல்லாவிட்டாலும் பாட்டு அப்படியே நிற்கும், அப்புறம் எதற்கு அது? தி புக்ஸ் குழு 2002-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் 'தாட் ஃபார் ஃபுட்' அந்த ரகம் இல்லை. இதில் வெட்டி ஒட்டிய துணுக்குகளை எடுத்துவிட்டால் மிச்சம் பெரிதாக எதுவும் இருக்காது.

குழு என்றால் முக்கியமாக இரண்டே பேர். நிக் ஜமுட்டோ கிதார், பால் டி யோங் செல்லோ, அதாவது வயலின் வகையைச் சேர்ந்த பெரிய தந்தி வாத்தியம். நியூயார்க்கில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தபோது பழக்கமானவர்கள். டி யோங்குக்குப் பழைய டேப்புகளிலிருந்து பேச்சு, சிரிப்பு, சத்தம் என்று எதையாவது சேர்த்து வைக்கும் பழக்கம். அந்தச் சேமிப்பை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நறுக்கி, வாசித்த தந்திகளோடு கோத்திருக்கிறார்கள். பெரிய ஸ்டூடியோவின் பளபளப்பு எங்கேயும் இல்லை, கிதார் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

பாட்டு வரி, பல்லவி, சரணம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாடுவது அபூர்வம். பாடகர் நிற்கவேண்டிய இடத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போகிறார், அடுத்த நொடி கிதார் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு இசைந்து நகர்கிறது, இது தற்செயலா திட்டமா என்று யோசிப்பதற்குள் இன்னொரு குரல் வந்துவிடுகிறது. 'ரீட், ஈட், ஸ்லீப்' கேளுங்கள். மணியோசை போன்ற மெல்லிய ஒலிகளுக்கு நடுவே ஒரு ஸ்பெல்லிங் போட்டியின் குரல்கள். இடிச்சத்தத்தையும் போக்குவரத்து இரைச்சலையும் டிஜிட்டலாக்கி, தற்செயலுக்கு இடம்விடும் இசையை ஜார்ஜியா அமைத்தாள் என்று ஒருவர் உதாரண வாக்கியம் சொல்கிறார். போட்டியில் கேட்ட ஒரு வார்த்தைக்காகச் சொன்னது அது, ஆனால் இந்த ஆல்பத்துக்கு யாரோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அறிமுகம் போல இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அங்கே வைத்த குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் வெறும் குறும்பு மட்டும் என்றால் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். 'மதர்லெஸ் பாஸ்டர்ட்' தொடக்கத்தில் ஒரு குழந்தை அம்மா அப்பாவைக் கூப்பிடுகிறது, உனக்கு அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, அவர்கள் போய்விட்டார்கள் என்று ஓர் ஆண் குரல் பதில் சொல்கிறது. விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் போல, இருந்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அதன்பிறகு வரும் தந்தி மீட்டலில் சோகத்துக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை, நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. முன்னால் கேட்ட அந்தப் பேச்சு நம்மை விடாததால் சாதாரண மீட்டலே கனமாகிவிடுகிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. இதற்கு அடுத்தடுத்து வரும் 'மைக்கி பேஸ்', 'எக்ஸஸ் ஸ்ட்ராஸஸ்' இரண்டிலும் வெட்டி ஒட்டும் திறமை தெரிகிறதே தவிர எனக்குள் எதுவும் தங்கவில்லை. பேச்சுத் துணுக்குகளில் நகைச்சுவைக்காக வைத்தவை சில, ஒரு முறை சிரிக்கலாம், மறுபடி கேட்கும்போது அந்த இடம் வருமுன்பே அலுப்பு வந்துவிடுகிறது. நல்லவேளை, 12 துண்டுகளும் சேர்ந்தே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேருந்திலோ சமையல் செய்துகொண்டோ ஓடவிட்டால் பாதி காதில் விழாது, நல்ல ஹெட்போன் கட்டாயம். எடுத்த எடுப்பில் முதல் பாட்டு 'என்ஜாய் யுவர் வொரீஸ், யூ மே நெவர் ஹேவ் தெம் அகெய்ன்' போட்டுப் பாருங்கள், அது பிடிக்கவில்லை என்றால் மிச்சமும் பிடிக்காது, தாராளமாக விட்டுவிடலாம்.

இவர்கள் 2012-ல் பிரிந்துவிட்டார்கள். நடுவில் பிரெஞ்சு கலாசார அமைச்சகக் கட்டடத்தின் லிஃப்டுக்கென்று இசையமைத்துக் கொடுத்த கூத்தும் நடந்தது. பாடும் குரல் இருந்தால்தான் ஒட்டும் என்பவர்கள் 2003-ல் வந்த 'தி லெமன் ஆஃப் பிங்க்'கில் தொடங்கலாம், ஆன் டோர்னர் பாடியிருக்கிறார், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் வரும். பலர் அதைத்தான் மேல் என்கிறார்கள். எனக்கு என்னவோ முதலாவதுதான்.