கால்பர்ன் பட்டறையின் பட்டோ படகுகள், 1775: 40 ஷில்லிங்குக்கு என்ன கிடைத்தது?

1775-இல் பிரிட்டனின் கியூபெக் குடியேற்றத்தைப் பிடிக்கப் புறப்பட்ட அமெரிக்கப் புரட்சிப் படை இரண்டு வழியாகப் போனது. தளபதி மான்ட்கோமரியின் படைக்குச் சாம்ப்லேன் ஏரி. இன்னொரு தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் சுமார் 1,100 பேருக்கு மேய்ன் காடு: கென்னபெக் ஆற்றில் எதிர்த்து ஏறி, டெட் ஆற்றுக்கு மாறி, மலைமுகட்டைத் தாண்டி, ஷோடியேர் ஆற்றில் இறங்கி கியூபெக் நகரத்தை எட்ட வேண்டும். இந்த இரண்டாவது வழிக்காக வாங்கிய ‘பட்டோ’ என்ற தட்டை அடிப் படகுகளைத்தான் இங்கே எடைபோடுகிறோம். செய்து கொடுத்தவர் கார்டினர்ஸ்டனில் (இன்றைய பிட்ஸ்டன்) படகுப் பட்டறை வைத்திருந்த ரூபன் கால்பர்ன். படையெடுப்பு தோற்றதற்கு இந்தப் படகுகளைத் திட்டாதவர் குறைவு. திட்டில் பாதி நியாயம். மீதிப் பாதி வாங்கியவர்களைச் சேர வேண்டியது.

முதலில் ஆர்டரைப் பார்ப்போம். ஆகஸ்ட் 21-இல் ஆர்னால்ட் எழுதிக் கேட்டது 200 இலகுப் படகுகள். ஒவ்வொன்றும் ஆறேழு பேரை, ஆளுக்குச் சுமார் 100 ராத்தல் சுமையோடு தாங்க வேண்டும். கூடவே நான்கு பெரிய துடுப்பு, இரண்டு கைத்துடுப்பு, இரண்டு ஓடக்கோல். செப்டம்பர் 3-இல் தலைமைத் தளபதி வாஷிங்டனின் உத்தரவு வந்தது: துடுப்பு, கோல் எல்லாம் சேர்த்துப் படகுக்கு 40 ஷில்லிங். அதாவது 2 பவுண்டு. 200 படகுக்கு 400 பவுண்டு. படை அந்த மாதம் 22-ஆம் தேதி வாக்கில் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது படகுகள் தயாராக இருந்தன. உத்தரவு தேதியிலிருந்து கணக்கிட்டால் நாளுக்குப் பத்துப் படகுக்கு மேல்! ஓர் ஆற்றங்கரைப் பட்டறைக்கு இது அசுர வேகம். பல படகுகள் கேட்ட அளவைவிடச் சிறியவை என்று கண்ட ஆர்னால்ட், ஈடுகட்ட மேலும் 20 செய்யச் சொன்னார்.

வடிவத்தில் குறை சொல்ல முடியாது. அடி தட்டை, இரு முனையும் கூர், பக்கங்கள் வெளிப்புறமாக விரிந்தவை. கென்னபெக் ஆற்றுக்காரர்கள் வழக்கமாக ஓட்டியதும் இதே வகைதான். ஆழமில்லாத நீரில் மிதக்கும்; எந்த முனையும் முன்முனை ஆகலாம் என்பதால் விரைவோட்டத்தில் திருப்ப வேண்டியதில்லை. துணைப்பொருள்களில் உண்மையில் உழைத்தது ஓடக்கோல்தான். பாறை நிறைந்த எதிரோட்டத்தில் பெரிய துடுப்பை வீச இடமே இருக்காது. நான்கு துடுப்புக்கு இரண்டு கோல் என்ற விகிதத்தைத் தலைகீழாக்கியிருக்கலாம்.

சிக்கல் மரத்தில். அந்த அவகாசத்துக்குள் காய்ந்த பலகை கிடைக்கவில்லை. பச்சைப் பைன் மரத்தையே அறுத்து ஆணி அடித்தார்கள். காய்ந்த பலகையில் செய்த படகைத் தண்ணீரில் இறக்கினால் பலகை ஊறிப் பெருத்து இடுக்கு தானாக இறுகும். பச்சைப் பலகை ஏற்கெனவே ஊறியது, இனிப் பெருக்காது. கரையில் வெயிலும் காற்றும் படும்போது சுருங்கத்தான் செய்யும். சுருங்கினால் இடுக்கு திறக்கும், ஆணிப்பிடி தளரும். அப்புறம் பாறையில் ஒரு உரசல் போதும். எடையும் கூடுதல். வெறும் படகே ஏறத்தாழ 400 ராத்தல் என்பது பொதுவான கணக்கு. ‘இலகு’ என்று கேட்டவருக்குக் கிடைத்தது இது. பலகை காய மாதக்கணக்கில் ஆகும்; கையில் இருந்ததோ வாரக்கணக்கு. எந்தத் தச்சரும் இதைவிடப் பெரிதாகச் சாதித்திருக்க முடியாது.

ஒழுகலின் விலை கென்னபெக்கின் நோரிட்ஜ்வாக் அருவியில் தெரிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே படகுகளைக் கரையேற்றி இடுக்குகளை மறுபடி அடைக்கவும், எல்லாவற்றையும் ஒரு மைலுக்கு மேல் தூக்கிக்கொண்டு போகவும் சுமார் ஒரு வாரம் போயிற்று. சரக்கைத் திறந்து பார்த்தால் ரொட்டிப் பீப்பாய்க்குள் தண்ணீர். ரொட்டி உப்பிப் பீப்பாயையே பிளந்துவிட்டிருந்தது. பட்டாணிக்கும் அதே கதி. உப்பிட்ட காட் மீனைப் பீப்பாயில் போடாமல் படகின் அடியில் அப்படியே அடுக்கியிருந்தார்கள். புகுந்த ஆற்றுநீர் உப்பைக் கழுவிவிட, மீன் அழுகிற்று. மாட்டிறைச்சியும் கெட்டிருந்தது, ஆனால் அதற்குப் படகு காரணமில்லை. வெயில் காலத்தில் வெட்டி உப்பிட்டதன் விளைவு. மிஞ்சியது மாவும் உப்புப் பன்றியிறைச்சியும். படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும் என்று எடுத்துக்கொண்டு, குறுக்குச் சட்டம் போட்டு அதன் மேல் சரக்கை ஏற்றியிருந்தால் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

தூக்கிச் செல்வதில் படகுக்கு மதிப்பெண் பூஜ்யம். அடியில் இரண்டு தடிகளைக் குறுக்கே செருகி, நான்கு பேர் தோளில் வைத்துத் தூக்குவார்கள். வெறும் படகு என்றாலே தோளுக்கு 100 ராத்தல். கென்னபெக்கிலிருந்து டெட் ஆற்றுக்குப் போகும் ‘பெருஞ்சுமை வழி’ சுமார் 13 மைல், இடையில் மூன்று குளங்கள். முதல் துண்டு மட்டும் மூன்று மைலுக்கு மேல், கடைசித் துண்டில் சேறு முழங்காலுக்கு. ஆற்றிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை: ஆட்கள் இறங்கி இழுத்த நேரமே அதிகம். பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் இவர்களை நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்கள் என்றே நினைக்கத் தோன்றும் என்று அக்டோபர் 13-இல் ஆர்னால்டே வாஷிங்டனுக்கு எழுதினார். படகு பழகிய காட்டு ஆட்களே வேண்டும் என்று ஆள் எடுக்கும்போது கேட்டிருந்தார்கள். வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதை ஆறு சொல்லிவிட்டது.

பட்டறையின் பக்கம் நிச்சயமாகப் பாராட்ட வேண்டியது, விற்ற பிறகும் கைவிடாதது. தச்சர்கள், கைவினைஞர்கள், வழிகாட்டிகள் என 20 பேர் கொண்ட குழுவை வாஷிங்டன் கேட்டிருந்தார். கால்பர்ன் அதைத் திரட்டித் தானும் கூடப் போனார். அந்தத் தச்சர்கள் இல்லையென்றால் நோரிட்ஜ்வாக்குக்கு மேல் எத்தனை படகு போயிருக்கும் என்பது சந்தேகமே.

அக்டோபர் 21 இரவு அடித்த புயலில் டெட் ஆறு சுமார் 8 அடி உயர்ந்தது. அடுத்த ஓரிரு நாளில் ஏழு படகுகள் கவிழ்ந்து உணவு போயிற்று. 25-ஆம் தேதி, பின்வரிசைப் பிரிவின் தலைவர் ஈனோஸ் தன் பிரிவோடு திரும்பிவிட்டார். மலைமுகட்டில் பெரும்பாலான படகுகளை விட்டுவிட்டு, கம்பெனிக்கு (ஒவ்வொரு சிறு படைப்பிரிவுக்கும்) ஒன்றிரண்டு மட்டும் தூக்கினார்கள். துப்பாக்கிப் படைத் தலைவர் மார்கனின் ஆட்கள் மட்டும் பிடிவாதமாக ஏழு படகுகளைச் சுமந்தார்கள். ஷோடியேரின் பாறைகள் அவற்றையும் உடைத்தன. அந்த ஆற்றில் முன்னால் ஆள் அனுப்பிப் பார்க்காமல் படகு விட்டது ஓட்டியவர்களின் தவறு.

மாற்று இருந்ததா? இந்த வழியை 1761 வாக்கில் அளந்த பிரிட்டிஷ் பொறியாளர் மான்ட்ரெசர் போனது பிர்ச் பட்டைத் தோணியில். அதை ஓரிருவர் தூக்கிவிடலாம். ஆனால் அதுவும் ஒழுகும். கென்னபெக் கரையிலுள்ள வெஸ்டர்ன் கோட்டையிலிருந்து ஆர்னால்ட் ஏறிய பட்டைத்தோணி எட்டு மைலிலேயே ஒழுகி, வேறு ஓடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1,100 பேருக்கு அத்தனை தோணியை அந்த அவகாசத்தில் திரட்டவும் வழியில்லை. இதே பட்டோ வகை சாம்ப்லேன் பக்கம் நன்றாகவே வேலை செய்தது: நீண்ட ஏரி, சுமை வழி குறைவு. நவம்பர் 3-இல் அந்த வழியிலிருந்த சான் ஜான் கோட்டை விழுந்தது, 13-இல் மான்ட்ரியல் கைக்கு வந்தது. ஆர்னால்ட் தரப்பு 180 மைல், 20 நாள் என்று போட்ட கணக்கோ சுமார் 350 மைலாகவும் எட்டு வாரமாகவும் நீண்டது. 180 மைலுக்கு வாங்கிய படகை அந்தத் தூரத்துக்கு வைத்து மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

கியூபெக் நகரத்துக்கு எதிரே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைக்குச் சுமார் 600 பேர் நவம்பர் 9-இல் வந்தபோது, படகு மிக அவசியமான அந்த இடத்தில் 220-இல் ஒன்றும் இல்லை. அங்கிருந்த படகுகளைப் பிரிட்டிஷ்காரர்கள் முன்பே அகற்றியிருந்தார்கள். அபெனாக்கி மக்களிடமும் ஊர்க்காரர்களிடமும் வாங்கிய பட்டைத்தோணிகளில், 13-ஆம் தேதி இரவு போர்க்கப்பல்களுக்கு நடுவே கடந்தார்கள்.

படகுக்கு 5-இல் 2. கூட வந்த தச்சர்களுக்கு 4. வாடிக்கையாளருக்கு அரை மதிப்பெண்கூட அதிகம்: கால்பர்ன் பல ஆண்டுகள் அமெரிக்கக் காங்கிரஸுக்கு மனு எழுதியும் அவருக்குச் சேர வேண்டிய முழுப் பணமும் வந்து சேரவில்லை.