மருத்துவமனையில் ஏஐ கருவி: ஓராண்டு ஓடிய பிறகு தெரிவது என்ன?

ஏஐ கருவி விற்க வருபவர் காட்டும் முதல் பக்கத்தில் ‘துல்லியம் 95 சதவீதம்’ என்பது போல ஓர் எண் இருக்கும். கருவி வார்டில் ஓராண்டு ஓடிய பிறகு அந்த எண்ணை யாரும் பேசுவதில்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை அலர்ட் வந்தது, அதில் எத்தனை நிஜம், தவறவிட்டதை யார் கண்டுபிடிப்பது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் பேச்சாகிறது. ‘நம்பலாமா, கூடாதா’ என்ற விவாதத்தை விட்டுவிட்டு, தெரியாததை எண்ணத் தொடங்கும் நிர்வாகத்துக்கே இந்தக் கருவிகள் உதவுகின்றன.

செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் உயிராபத்து நிலை) எச்சரிக்கைக் கருவியையே எடுத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வையுங்கள். பொது வார்டில் 1,000 பேரில் 20 பேருக்கு செப்சிஸ் என்றால் அலர்ட் 114 பேருக்கு வரும்; நிஜம் 16 மட்டுமே. ஏழில் ஆறு வீண். அதே சாஃப்ட்வேரை 1,000 பேரில் 200 பேருக்கு நோய் இருக்கும் ஐசியுவில் வைத்தால், 240 அலர்ட்டில் 160 நிஜம். பொது வார்டில் சில வாரங்களிலேயே ‘புலி வருது’ கதைதான். நர்ஸ் படிக்காமலே அலர்ட்டை மூடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே கருவியை எந்த வார்டில் வைப்பது என்பதைக் கணினிப் பிரிவிடம் விட்டுவிடக் கூடாது. அது தலைமை மருத்துவரும் நர்ஸிங் தலைவரும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. மருத்துவமனைப் பதிவு சாஃப்ட்வேர் செய்யும் எபிக் நிறுவனத்தின், அமெரிக்காவில் பரவலாக இருந்த செப்சிஸ் மாடலை (கணிக்கும் கருவியை) மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை தன் நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2021-ல் வெளியானது. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை மாடல் தவறவிட்டிருந்தது. மொத்தத்தில் 18 சதவீத மருத்துவமனை அனுமதிகளுக்கு அலர்ட் அடித்திருந்தது. அதே மருத்துவமனை 2020 ஏப்ரலில், கோவிட் வந்து நோயாளிகளின் தன்மையே மாறியபோது, இந்த அலர்ட்டை நிறுத்தி வைத்தது. நிறுத்தும் முடிவை எடுக்க அங்கே ஒரு குழு தயாராக இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வாங்கியவுடன் திரையில் காட்டாமல் பின்னணியில் ஓட்டிப் பார்க்கும் காலத்தை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். எவ்வளவு காலம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ‘எட்டு வாரம்’ என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்வது பயனற்றது. குறைந்தது 100 நிஜ நோயாளிகளாவது சோதனைக்குள் வர வேண்டும். 2 சதவீத விகிதத்தில் அதற்கு 5,000 அனுமதிகள் தேவை. சிறிய மருத்துவமனையில் அது ஓராண்டையும் தாண்டலாம். அந்தக் காலம் முழுக்க சாஃப்ட்வேர் பதிப்பு மாறக் கூடாது. அலர்ட் வந்த நேரத்தையும் முதல் ஆன்டிபயாடிக் எழுதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து எழுதிய பிறகு வந்த அலர்ட்டை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆன்டிபயாடிக் ஆர்டரே மாடலின் உள்ளீடுகளில் ஒன்றா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். ஆம் என்றால், டாக்டர் ஏற்கெனவே சந்தேகப்பட்டதைத்தான் கருவி திருப்பிச் சொல்கிறது.

பழைய பதிவுகளில் மட்டும் செய்த சோதனையில் இன்னொரு ஏமாற்று உண்டு. ரத்த மாதிரி எடுத்த நேரம் காலை 6, ரிசல்ட் திரைக்கு வந்தது 8. பதிவேட்டில் 6 என்று இருந்தால், கருவி இரண்டு மணி நேரம் முன்பே கண்டுபிடித்தது போலக் கணக்கு வரும். வார்டில் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது.

கருவி நேரடியாக ஓடத் தொடங்கிய பிறகு அளப்பது இன்னும் கடினம். அலர்ட் வருகிறது, சிகிச்சை உடனே தொடங்குகிறது, நோய் முற்றவில்லை. கணக்கில் அது பொய் அலர்ட்! இந்தப் பதிவுகளை வைத்தே மாடலை மறுபடி பயிற்றுவித்தால், தான் காப்பாற்றியவர்களையே ஆரோக்கியமானவர்களாக அது கற்றுக்கொள்ளும். அதனால் முடிவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் உள்ளே போகும் தரவையும் வெளியே வரும் அலர்ட்டையும் கவனிக்க வேண்டும்: வாரம் எத்தனை அலர்ட், தரவு நிரப்பும் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் காலி, சராசரி எவ்வளவு நகர்ந்தது. லேப் ஒரு நாள் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அலகை மில்லிகிராமிலிருந்து மைக்ரோமோலுக்கு மாற்றினால் எண் 88 மடங்கு தாவும். அலர்ட் கொட்டும், உடனே தெரிந்துவிடும். மாறாக ஒரு இணைப்பு அறுந்து மதிப்பே வராமல் போனால் பல மாடல்கள் ‘நார்மல்’ என்று நிரப்பிக்கொள்ளும். வார்டு அமைதியாக இருக்கும். கொட்டுவதைவிட இந்த அமைதிதான் ஆபத்து.

படம் பார்க்கும் கருவிகளில் சிக்கல் மனிதர் பக்கம் இருக்கிறது. 27 ரேடியாலஜிஸ்ட்களை வைத்து 2023-ல் வெளியான மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆய்வில், புற்றுநோய்ச் சந்தேகம் எந்த வகை என்பதை ஏஐ வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்படி வைத்தபோது அனுபவம் குறைந்தவர்களின் சரியான விடை 80 சதவீதத்திலிருந்து 20-க்குச் சரிந்தது. பழுத்த அனுபவசாலிகளிடமும் 45 வரை இறங்கியது. போலந்தில் நடந்த, 2025-ல் வெளியான ஆய்வில், ஏஐ பழகிய பிறகு அது இல்லாமல் செய்த கொலனோஸ்கோபிகளில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி) கண்டறியும் விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவீதமானது. அது வெறும் கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் டாக்டர் தன் கருத்தைப் பதிந்த பிறகே ஏஐ முடிவு திரையில் திறக்கும்படி அமைப்பதும், மாதத்தில் சில நாள் ஏஐ இல்லாமல் வேலை செய்வதும் பெரிய செலவில்லாத காப்பு. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில், ஏஐ படம் பார்க்கும் வேலைப்பளுவை 44 சதவீதம் குறைத்தது. அங்கேயும் ஏஐ முக்கியமாகத் தீர்மானித்தது, படத்தை ஒருவர் பார்க்க வேண்டுமா இருவரா என்பதைத்தான். மனிதக் கண் இல்லாமல் எந்தப் படமும் போகவில்லை.

பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதும் கருவிகள் பற்றிச் சுருக்கமாக: இடது-வலது, ‘இல்லை’ என்ற சொல், மருந்தின் அளவு, இந்த மூன்றில்தான் கை வைக்கும். சிலது பேசாததையும் எழுதும். டாக்டர் கையெழுத்திடும் வரை ஒலிப்பதிவை அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் விலையைவிட முக்கியம் நான்கு வரிகள்: பதிப்பு மாற்றத்துக்கு முன்னறிவிப்பு, பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி, அலர்ட் அடிக்கும் கட் ஆஃப் வரம்பை மாற்றும் உரிமை, பதிவுகள் மருத்துவமனையின் கையில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், அதிக ஆபத்து வகைக் கருவிகளைப் பயன்படுத்துவோர் தங்கள் வசமுள்ள பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஓராண்டுப் போக்கைப் பார்க்க அது போதாது.

நிறுத்தும் அதிகாரம் கமிட்டியிடம் இருந்தால் இரவு 2 மணிக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு பெயர் எழுதி ஒட்ட வேண்டும். நிறுத்திய பிறகு வார்டு எதற்குத் திரும்பும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; நியூஸ்-2 (நாடித்துடிப்பு, மூச்சு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவது) போன்ற கைக்கணக்குப் பட்டியல் என்றால் 5 மதிப்பெண்ணில் டாக்டரை அவசரமாக அழைப்பது, 7-ல் அவசரச் சிகிச்சைக் குழுவை அழைப்பது என்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்காமல் கருவியை நான்கு மணி நேரம் அணைத்து ஒத்திகை பாருங்கள், தகுதியான ஒரு டாக்டரைப் பின்னணியில் காவல் வைத்துக்கொண்டு. கருவி வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலை ஒருமுறைகூடக் கையால் நிரப்பியதில்லை என்பது முதல் ஒத்திகையிலேயே தெரியும்.