சேர்வராயன் மலையில் கர்ப்பகாலப் பரிசோதனை: எங்கள் அனுபவம்

என் தங்கை சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறாள். அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பதிவு முடிந்த கையோடு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி., உடலுறவு வழியாகப் பரவும் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இரண்டுக்கும் ஒரே பட்டையில் பரிசோதித்தார்கள். சுமார் 20 நிமிடத்தில் சிபிலிஸுக்கான கோடு தெரிந்தது. புண்ணோ தடிப்போ அவள் கண்டதே இல்லை. பரிசோதனை மட்டும் இல்லாதிருந்தால், கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து, கருவிலேயே இறப்பதற்கோ, குறைமாதப் பிறப்புக்கோ, எலும்பு, காது, கண் பாதிப்புக்கோ காரணமாகியிருக்கலாம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இந்த நிலையத்தை நான் மனதாரப் பாராட்டுவது, அன்றைக்கே ஊசி போட்டதற்காகத்தான். உறுதிப்படுத்தும் ரத்த மாதிரியைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கினார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, இன்னொரு நாள் வாருங்கள் என்றால் எத்தனை பெண்கள் திரும்பி வருவார்கள்? பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டபின், பால் போல் கெட்டியான 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலினை இரண்டு பாகமாக்கி, இடுப்பின் இருபுறமும் மெதுவாகச் செலுத்தினார் செவிலியர். நல்ல வலி, அரைமணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார். நோய் எப்போது தொற்றியது என்று தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். கணவருக்கும் அந்த வாரமே பரிசோதனை செய்து சிகிச்சை கொடுத்தார்கள். இல்லையென்றால் அவரிடமிருந்து அவளுக்கு மறுபடியும் தொற்றக்கூடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் மருந்து இருப்பில் இல்லை. கர்ப்பிணிக்கு ஊசிகளுக்கிடையே 9 நாள் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், செவிலியர் பலமுறை போன் செய்து மறுநாள் காலைப் பேருந்தில் மருந்தை வரவழைத்தார். அவர் அக்கறையால் தப்பித்தோம். இப்படிப்பட்ட மருந்தை முன்கூட்டியே இருப்பு வைத்திருக்க வேண்டாமா? முடிவைச் சொல்லும் இடத்துக்குத் திரைதான் உண்டு, கதவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் காதில் விழுமோ என்று தங்கை குறுகி உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

குழந்தை நிறைமாதத்தில் பிறந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது பொங்கல் கழித்து.