ஏழு வருடம் ஜாங்கோ ஓஆர்எம்: ஃபாரின் கீயைப் பற்றி மட்டும்

போன வாரம் ஈரோட்டிலிருந்து நண்பன் கூப்பிட்டான். மாமனாரின் மஞ்சள் மண்டிக்கு அவனே மென்பொருள் எழுதப் போகிறானாம். "மாப்ள, நீ வருசக் கணக்கா ஜாங்கோவுலதான இருக்கற, எடுக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு" என்றான். என்னால் சொல்ல முடியவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் மூன்று நாள் மராமத்து வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். கோபம் ஆறவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு. அதன் ஓஆர்எம், டேட்டாபேஸ் டேபிள்களைப் பைத்தான் வழியாகவே கையாள விடுவது. ஃபாரின் கீ, ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைப் பிடித்து நிற்கும் இணைப்பு. இவற்றோடு பழகியவர்களுக்கானது இது.

2018 தொடக்கத்தில் அந்தப் பட்டறைக்கு எழுத ஆரம்பித்தேன். ஜாங்கோ 2.0 வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடியில் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ். பட்டறை வேலை முழுக்க ஜாப் ஒர்க். பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், கிரே துணியை (சாயம் போடாத துணி) அனுப்புவார். இன்வேர்டு (வரவுப் பதிவு) போட்டு லாட் நம்பர் கொடுப்பார்கள். ஒவ்வொரு ரோலையும் எடை போட்டு லாட்டின் கீழே ஏற்றுவார்கள். சாயம், காம்பேக்டிங் எல்லாம் முடிந்ததும் டிசி (டெலிவரி சலான்) போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ரோலுக்கு மேலே லாட், லாட்டுக்கு மேலே பார்ட்டி, டிசி வரியும் லாட்டைப் பிடித்துத்தான் நிற்கும். யோசித்துப் பார்த்தால் பட்டறைக் கணக்கு என்பதே யார் யாரைப் பிடித்து நிற்கிறார்கள் என்பதுதான்.

அந்த இடத்தில் ஜாங்கோ அருமையான பொருள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வேறு மாதிரி பேசப் போகிறேன். முதலாளி திடீரென்று கூப்பிட்டு, "அந்தப் பார்ட்டிக்கு நேவி ப்ளூல இன்னும் எத்தன கிலோ நம்மகிட்ட நிக்குதுங்க?" என்பார். ரோல் டேபிளில் நின்றுகொண்டு இரண்டு அடிக்கோடு போட்டு லாட்டுக்கும், இன்னும் இரண்டு போட்டுப் பார்ட்டிக்கும் ஏறிவிடலாம். டேபிள்களை இணைக்கும் ஜாயின் எதையும் கையால் எழுதியதில்லை. ஒரே வரியில் பதில் வரும். பார்ட்டியிடமிருந்து கீழே இறங்கி அவருடைய லாட்டுகளை எடுப்பதும் அவ்வளவு சுலபம். லாட்டின் எண் மட்டும் போதுமென்றால் லாட்_ஐடி என்று கேட்டால் போதும், டேட்டாபேஸுக்கு இன்னொரு முறை போகாது. ஃபாரின் கீ நெடுவரிசைக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடாது. ஜாங்கோ போட்டுவிடும். வருடக் கடைசியில் லட்சக்கணக்கான ரோல்களைக் கூட்டும்போது இதன் அருமை தெரியும்.

லூப்புக்குள் லாட்டைத் தொட்டு நூறு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடவிட்ட கதை எல்லோரிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கிறது. ரோலோடு லாட்டையும் ஒரே க்வெரியில் எடுத்துவரும் செலக்ட்_ரிலேட்டட் போட்டால் தீரும். அதை விட்டுவிடலாம்.

மேலே இருப்பது அழிந்தால் கீழே இருப்பதை என்ன செய்வது என்று சொல்வது ஆன்_டிலீட். என் எரிச்சல் அந்த ஒரே சொல்லில்தான் இருக்கிறது.

2.0 முதல் ஃபாரின் கீ எழுதும்போதெல்லாம் ஆன்_டிலீட் என்ன என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு ஒன்றும் சொல்லாவிட்டால் கேஸ்கேட் என்று தானாக எடுத்துக்கொள்ளும். கட்டாயமாக்கியது நல்ல மாற்றம்தான், எழுதுகிறவன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பான். நானும் யோசித்துத்தான் எழுதினேன். லாட் போனால் அதன் ரோல் எடைகளும் போகட்டும் என்று கேஸ்கேட். லாட் இருக்கும்வரை பார்ட்டியை அழிக்க விடக்கூடாது என்று ப்ரொடெக்ட். டிசி வரிக்கும் ப்ரொடெக்ட். டேபிளின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஓடியது. டேட்டாபேஸில் ஃபாரின் கீ உண்டானது. விஷயம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. உண்டான கன்ஸ்ட்ரைன்டை (டேட்டாபேஸ் காக்கும் விதி) திறந்து பார்த்தால் கேஸ்கேட் என்ற சொல்லே அதில் இருக்காது. எந்த லாட்டைக் குறிக்கிறது என்பது இருக்கும், கமிட் ஆகும்வரை (மாற்றங்கள் நிலையாகப் பதியும்வரை) சோதனையைத் தள்ளிப்போடலாம் என்பது இருக்கும், அவ்வளவுதான். கேஸ்கேட் பைத்தானுக்குள் நடக்கிறது. லாட்டை அழிக்கச் சொன்னால் யாரெல்லாம் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஜாங்கோ தேடிப் பார்த்து, முதலில் அவர்களை அழித்து, கடைசியில் லாட்டை அழிக்கும். கீழே இருப்பதன் இணைப்பைக் காலியாக்கும் செட்_நல்லும் அப்படியே. ஊர்ப்பக்கம் சொல்வதென்றால், மாட்டின் கயிறு கட்டுத்தறியில் கட்டப்படவில்லை, மேய்ப்பவர் கையில் இருக்கிறது. அவர் நிற்கும்வரை மாடும் நிற்கும்.

ஆறு வருடம் மேய்ப்பவர் மட்டும்தான் இருந்தார், அதனால் தெரியவில்லை. அப்புறம் எடை மிஷினைக் கணினியோடு நேராக இணைக்க ஒரு சின்ன புரோகிராம் வந்தது. பல்லடம் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். ஜாங்கோ வழியாக வராமல் அதே போஸ்ட்கிரெஸில் நேராக எழுதும் புரோகிராம் அது. வேகம் வேண்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ரோல் டேபிளைப் பற்றி அவர் கேட்டபோது, "கேஸ்கேட் போட்டிருக்கு தம்பி, லாட் போனா ரோலும் போயிரும்" என்று நானே சொன்னேன். என் கண்ணுக்கு அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒரு நாள் மிஷின் இரண்டு முறை அனுப்பி, இரண்டு லாட்டுகள் இரட்டையாக ஏறிவிட்டன. இன்னும் டிசி போடாத லாட்டுகள். தம்பி நேராக எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸின் மொழி) டிலீட் கொடுத்திருக்கிறார். ரோல் டேபிள் பிடித்திருக்கிறது, அழிக்க முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்தது. அது தன் கடமையைச் செய்தது. ஆனால் கேஸ்கேட் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேனே. அதனால் கன்ஸ்ட்ரைன்டுதான் எங்கோ கெட்டுவிட்டது என்று நினைத்து, அதை எடுத்துவிட்டு, லாட்டை அழித்துவிட்டார். இரண்டு லாட்டுகளும் போயின. அவற்றின் 41 ரோல்கள் தலையில்லாமல் டேபிளிலேயே தங்கிவிட்டன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸ்டாக் பக்கத்தில் மேலே 412 ரோல் என்று காட்டுகிறது. கீழே பட்டியலை எண்ணினால் 371தான் வருகிறது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. காரணம் இதுதான்: பட்டியலுக்கு செலக்ட்_ரிலேட்டட் போட்டிருந்தேன். லாட் காலியாக இருக்கக் கூடாத ஃபாரின் கீ என்பதால் ஜாங்கோ இன்னர் ஜாயின் போடுகிறது. லாட் இல்லாத ரோல் அந்த ஜாயினில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். எண்ணிக்கையை எடுக்கும் கவுன்ட் க்வெரியில் அந்த ஜாயின் தேவையில்லை என்று ஜாங்கோ கழற்றிவிடும், அதனால் 41 ரோலும் எண்ணிக்கையில் இருக்கும். மொத்த எடையைக் கூட்டும் க்வெரியும் ரோல் டேபிளை மட்டும் தொடுவது, அதிலும் இருக்கும். செலக்ட்_ரிலேட்டட் போடாமல் இருந்திருந்தால் லாட்டைத் தொட்ட நொடியில் அப்படி ஒரு லாட் இல்லை என்று பக்கமே விழுந்திருக்கும். அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

ஆக, கணினி காட்டிய எடைக்கும் குடோனில் இருந்த துணிக்கும் ஏறக்குறைய 900 கிலோ வித்தியாசம். குடோனைப் பார்த்துக்கொள்கிறவர் அந்தப் பட்டறையில் இருபது வருடமாக இருக்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ரோலாகப் புரட்டி, கையில் நோட்டோடு இரண்டு நாள் எண்ணியிருக்கிறார். முதலாளி அவரைத் திட்டவில்லை. ஆனால் கேட்டார். "எங்கீங்க போச்சு?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். குடோன்காரர் எனக்கு அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. "தம்பி, உங்க கம்ப்யூட்டரு சொல்றதுதான் செல்லுமுங்களா?" என்றார்.

மராமத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோலிலிருந்து லாட்டுக்கு லெஃப்ட் ஜாயின் போட்டு, லாட் காலியாக வருபவற்றை எடுத்தேன். 41 வந்தது. இன்வேர்டு நோட்டில் கையால் எழுதியிருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். குடோன்காரரின் நோட்டு ஒரு கிலோகூடப் பிசகவில்லை, முதலாளியைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே காட்டினேன். 41ஐயும் அழித்தேன். பிறகு கன்ஸ்ட்ரைன்டை நாட் வேலிட் என்று சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால் பழைய வரிகளைச் சோதிக்காமல் புதிதாக வருவதை மட்டும் உடனே கட்டுப்படுத்தும். அப்புறம் தனியாக வேலிடேட் ஓட்டினால் பழையதையும் சரிபார்க்கும், வேலை நேரத்தில் டேபிளை முழுக்கப் பூட்டிவைக்கத் தேவையில்லை. இந்த முறை கேஸ்கேடை மைக்ரேஷனுக்குள் எஸ்க்யூஎல்லாகவே எழுதி டேட்டாபேஸில் வைத்தேன். ஜாங்கோ பக்கத்தில் அந்த ஃபீல்டுக்கு டூ_நத்திங் (ஒன்றும் செய்யாதே) என்று மாற்றினேன். எடை மிஷின் புரோகிராமுக்குத் தனிப் பயனர், டேபிளின் அமைப்பைத் தொடும் உரிமை இல்லாமல். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது, அந்தத் தப்பு என்னுடையது.

இதிலும் ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. நான் எஸ்க்யூஎல்லில் எழுதிய கேஸ்கேடைப் பற்றி, ஜாங்கோவில் டேபிளை விவரிக்கும் மாடலுக்கு ஒன்றும் தெரியாது. பின்னாளில் லாட்டின் ஐடி வகையை மாற்றும் மைக்ரேஷன் வந்தால், ஜாங்கோ கன்ஸ்ட்ரைன்டை அவிழ்த்துவிட்டுத் தன் வழக்கப்படி கட்டும், என் கேஸ்கேட் அதில் இருக்காது. மாடல் ஃபைலில் அந்த வரிக்கு மேலே தமிழில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஜாங்கோ இதை ஒளிக்கவில்லை. எஸ்க்யூஎல் நடத்தையைத் தாங்களே பாவித்துச் செய்வதாக ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். காரணமும் உண்டு. ஒவ்வொரு வரி அழியும்போதும் சிக்னல் அனுப்ப வேண்டும், எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். சிக்னலை நம்பி நானே அழித்தவற்றின் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறேன், அதற்கு இந்த ஏற்பாடுதான் உதவுகிறது. ப்ரொடெக்ட் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. பைத்தானும் மறுக்கும், நேராக எஸ்க்யூஎல்லில் போனால் டேட்டாபேஸும் மறுக்கும், இரண்டு இடத்திலும் ஒரே பதில். முதலாளியின் மகன் ஒரு முறை தொழிலை விட்டுவிட்ட பார்ட்டியை அழிக்கப் பார்த்தபோது, எந்தெந்த லாட்டுகள் பிடித்திருக்கின்றன என்று பட்டியலோடு மறுத்து நின்றது. பழைய பில்லெல்லாம் அன்றைக்குப் பிழைத்தது.

என் சண்டை பெயரோடுதான். எஸ்க்யூஎல்லில் இருக்கும் அதே சொல்லை எடுத்து, அதே கேஸ்கேடை எடுத்து, வேறு இடத்தில் நடக்கும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஆவணத்தைப் படித்தவனும் ஆறு வருடம் கழித்து மறந்துபோய் இன்னொருவரிடம் தப்பாகச் சொல்லிவிடுகிறான்.

கரூரில் ஒரு பெட்ஷீட் ஏற்றுமதிக்காரருக்குப் பைத்தானின் இன்னொரு ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் எழுதினேன். அதில் இரண்டும் தனித்தனி. டேட்டாபேஸின் விதியை ஃபாரின் கீயில் எழுத வேண்டும், பைத்தானின் விதியை ரிலேஷன்ஷிப்பில் எழுத வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டால் பெற்றோரை அழிக்கும்போது பிள்ளைகளின் ஃபாரின் கீயில் நல் வைக்கப் பார்க்கும். முதல் மாதம் தலைவலிதான், எழுதவும் அதிகம். ஆனால் எது எங்கே நடக்கிறது என்று கேட்டால் ஃபைலைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

இன்னொரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். சோதனை கமிட் வரைக்கும் தள்ளிப்போவதால், போஸ்ட்கிரெஸில் தப்பான லாட் எண்ணோடு ரோலைச் சேமித்தால் அந்த வரியில் பிழை வராது. டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகப் பதியும் மாற்றங்களின் தொகுப்பு) முடியும் இடத்தில் வரும். நூறு ரோல் ஏற்றும் வேலையில் எது தப்பு என்று தெரியாது. செட் கன்ஸ்ட்ரைன்ட்ஸ் ஆல் இம்மீடியட் என்று டிரான்ஸாக்ஷனுக்குள் ஒரு வரி கொடுத்துவிட்டால் அங்கேயே பிடிபடும். இது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நேற்று ஈரோட்டுக்காரனைத் திரும்பக் கூப்பிட்டேன். மண்டியில் வேறு என்ன ஓடுகிறது என்று கேட்டேன். பழைய பில்லிங் புரோகிராம் ஒன்று இருக்கிறது, அதை நிறுத்த மாமனார் ஒப்புக்கொள்ள மாட்டார், அதுவும் இதே டேட்டாபேஸில்தான் எழுதும் என்றான்.

"அப்ப ஜாங்கோ வேண்டாம் மாப்ள" என்றேன்.

"நீயே ஏழு வருசமா வெச்சிருக்கற, பட்டறைல மாத்தப் போறியா?"

மாற்றப் போவதில்லை. அடுத்த மாதம் அவினாசி ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு ஆரம்பிக்கிறேன், அதுவும் ஜாங்கோதான். இதையும் அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் என் பதில் இதுதான். மஞ்சளில் விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனி டேபிளா, ஒரே டேபிளா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஈரோடு போகிறேன். டேபிள் படத்தைக் காகிதத்தில் வரைந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும், மேலே இருப்பது அழிந்தால் கீழே இருப்பதற்கு என்ன ஆகும், அதைச் செய்யப்போவது யார் என்று எழுதி வைக்கவும் சொன்னேன்.